செமிக்காத சுவர்

என் தம்பிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். தம்பி என்றால் சித்தப்பாவின் மகன், அப்போது ஆறு வயது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் மலையிலிருந்து இறங்கும் நேரம். அவன் காம்பராவின் மூலையில் உட்கார்ந்து, சுவரில் இல்லாத எதையோ இரண்டு விரல்களால் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது. உடம்பு கொதித்தது, ஆனால் ஒரு துளி வியர்வை இல்லை. எல்லோரையும் பயமுறுத்தியது அவனுடைய கண்கள்தான். கண்மணி விரிந்து கருவிழி முழுவதையும் விழுங்கியிருந்தது. யாரோ கோடாங்கியைக் கூட்டிவர ஓடினார்கள். தாத்தா மட்டும் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

டொக்டர் அவன் கண்ணில் டோர்ச் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என்ன தின்றான்?" யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்டார். வாந்தி எடுத்தானா என்றார். எடுத்தான். ஒரு துவாலையில் எடுத்தான். பச்சையும் பழுப்புமாக ஏதோ துணுக்குகள் இருந்ததை நான் பார்த்தேன். அந்தத் துவாலையைச் சித்தி அப்போதே பீலியில் அலசிவிட்டார். வாந்தித் துணியை வேறு என்ன செய்வார்கள்? டொக்டர் கடைசியில் ஊகித்துத்தான் வைத்தியம் பார்த்தார். ஓடைக்கரையில் வெள்ளையாக, தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூவை மலைநாட்டில் பார்க்காதவர்கள் இல்லை. ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. அதில் எதையோ மென்றிருப்பான் என்றார். மூன்றாம் நாள் தம்பி எழுந்து சோறு கேட்டான். இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. எனக்கு அந்தத் துவாலை நினைவிருக்கிறது. டொக்டரின் கேள்விக்கான விடை அதில் இருந்தது. அது லயத்துச் சாக்கடைக் கானோடு ஓடி ஓயா ஆற்றில் கலந்துவிட்டது.

இந்தக் கட்டுரை ஒரு பேராசிரியரைப் பற்றியது. அவர் அமெரிக்காவின் கொலராடோவில், நான் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்குப் பக்கத்தில். நாங்கள் சந்தித்ததில்லை. ஆனால் அந்தத் துவாலையிலிருந்து தொடங்காமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வராது.

டேவிட் நோரிஸ் என்ற பெயரை முதலில் பார்த்தது பேராதனையில். 1990களின் தொடக்கம். பல்கலைக்கழக நூலகத்தில் முள்ளந்தண்டுளிகளின், அதாவது முதுகெலும்புள்ள பிராணிகளின், ஓமோன்களைப் பற்றி அவர் எழுதிய பாடநூல் ஒன்று இருந்தது. 1980இல் முதற்பதிப்பு கண்ட புத்தகம். முதுகு பிய்ந்து, பசைத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. பரீட்சைக்கு முதல் வாரம் அதைப் பெறுவதற்குக் காலை ஏழரைக்கே நூலக வாசலில் நிற்போம். மீனிலிருந்து மனிதன் வரை ஒவ்வொரு சுரப்பியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லிக்கொண்டு போகும் புத்தகம் அது. மனித உடலையே நடுவில் வைத்துப் படித்துப் பழகிய எனக்கு, தவளையும் பல்லியும் கோழியும் கழுத்துச் சுரப்பியான தைரொயிட்டின் ஓமோனாகிய அதே தைரொட்சினை வைத்துக்கொண்டு வெவ்வேறு வாழ்க்கை நடத்துகின்றன என்பது பெரிய திறப்பாக இருந்தது.

அவருடைய தொடக்கக்கால ஆய்வுகளில் முக்கியமானது புலிச் சலமாண்டர் பற்றியது. பல்லியைப் போல உருவம், தவளையைப் போல ஈரத்தோல். நம் நாட்டில் இல்லாத பிராணி. அதில் சில, தவளைக்குத் தலைப்பிரட்டைபோல இளம்பருவமான குடம்பிப் பருவத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. கழுத்தோரம் பூக்கள் மலர்ந்ததுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் செவுள்களோடு தண்ணீரிலேயே வளர்ந்து, தண்ணீரிலேயே இனம்பெருக்கும். வளர்ந்தும் வளராத பிள்ளைகள். ஏன் அப்படி நின்றுவிடுகின்றன? சுரப்பி இல்லாததாலா, சுரப்பிக்குக் கட்டளை வராததாலா? நோரிஸும் அவருடைய மாணவர் ஒருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்ட குடம்பிகளுக்குத் தைரொட்சினைக் கொடுத்தால் மூளையின் பரிவகக்கீழும் அதன் கீழுள்ள கபச்சுரப்பியும் விழித்துக்கொள்வதைக் காட்டியது. கட்டளையிடும் இடத்தையே ஓமோன் தட்டி எழுப்புகிறது.

தைரொட்சின் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாயியின் கழுத்து நினைவுக்கு வரும். எலுமிச்சம்பழம் அளவில் கழலை. தாலிக்கயிறு அதன் மேல் ஏறி இறங்கும். அது ஏதோ குடும்பத்துச் சாபம் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் செத்தார். அயடீன் போதாத உடம்பில் தைரொயிட்டுச் சுரப்பி, தன்னால் முடிந்த மட்டும் ஓமோன் செய்துவிட வேண்டும் என்று பருத்துப் பருத்து உழைப்பதுதான் அந்தக் கழலை. 1912இல் குடர்னாச் என்ற ஆய்வாளர் தவளைக் குடம்பிகளுக்குத் தைரொயிட்டு இழையத்தை உணவாகக் கொடுத்தார். அவை நாள் வருவதற்கு முன்பே வால் சுருங்கி, கால் முளைத்து, சின்னஞ்சிறு தவளைகளாயின. அந்தச் சுரப்பியின் வலிமை, அம்மாயி பிறப்பதற்கு முன்பே தெரிந்திருந்த உண்மை. இலங்கையில் உப்போடு அயடீன் சேர்ப்பது 1995இல்தான் கட்டாயமானது. அப்போது அவர் இல்லை.

நோரிஸின் பிற்கால ஆய்வுகள் மீன்களைப் பற்றியவை. அவர் பணியாற்றிய கொலராடோ பல்கலைக்கழகம் போல்டர் என்ற மலையடிவார நகரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,650 மீட்டர் உயரம், நுவரெலியாவை விடக் கொஞ்சம் தாழ்வு. அந்த மாநிலத்தில் ஈகிள் என்றொரு ஆறு. பழைய சுரங்கங்களிலிருந்து கட்மியம், நாகம் என்ற உலோகங்கள் கசிந்து கலந்த ஆறு. அதில் வாழும் பழுப்பு ட்ரவுட் மீன்களுக்கு நெருக்கடியைத் தாங்கும் ஓமோனைச் சுரக்கும் திறன் குன்றியிருப்பதை அவருடைய குழு 1999இல் எழுதியது. தூண்டில்காரத் துரைமார் நம் மலையோடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் இனங்களில் ஒன்றுதான் அது. ஈகிள் ஆற்று மீன்கள் செத்து மிதக்கவில்லை. பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு நெருக்கடி வரும்போது ஈடுகொடுக்க உள்ளே சரக்கு இல்லை. அடிமாடாய் உழைத்து, வெளியே தெரியாமல் ஓய்ந்துபோனவர்களை நம் லயங்களில் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஆய்வை வெறும் மீன் ஆய்வாகப் படிக்க முடியவில்லை.

இன்னொன்று போல்டர் ஓடை. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து அந்த ஓடையில் விடுகிறார்கள். ஓடையில் ஒரு வகைச் சக்கர் மீன். கழிவுநீர் சேரும் இடத்துக்கு மேலே பிடித்த மீன்களில் குறையில்லை. கீழே பிடித்தவற்றில் பெண் மீன்களே மிகுதி. சில மீன்களில் ஆண் இழையமும் பெண் இழையமும் ஒரே உடலில் கலந்து கிடந்தன. மனித உடலிலிருந்து வெளியேறும் ஈஸ்திரஜனும், கருத்தடை மாத்திரையின் செயற்கை ஈஸ்திரஜனும், சவர்க்காரப் பொருட்களிலிருந்து வரும் ஓமோன் போன்ற வேதிப்பொருட்களும் சுத்திகரிப்பைத் தாண்டி ஓடைக்கு வந்துவிடுகின்றன. 2008இல் இது வெளியானது. அதோடு விட்டிருந்தால் கவலைப்படுவதற்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். சுத்திகரிப்பு நிலையத்தின் முறை மாற்றப்பட்ட பிறகு அதே இடத்துத் தண்ணீரில் மீன்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 2012இல் அதையும் எழுதினார்கள். கேட்டைக் கண்டுபிடித்தவர்களே அது சரியாகிறதா என்று திரும்பி வந்து பார்ப்பது நான் மதிக்கும் குணம். எங்கள் கான்களும் கொத்மலை ஓயாவில்தான் சேர்கின்றன. உயர்தர வகுப்பில் ஓமோன் பாடம் எடுக்கும்போது மாணவர்களை ஒருமுறை பாலத்தருகே கூட்டிப்போய், மேலே கான் சேரும் இடத்தையும் கீழே பெண்கள் துணி துவைக்கும் இடத்தையும் காட்டிவிட்டுத்தான் கரும்பலகைக்குப் போவேன்.

இதற்கெல்லாம் இடையில்தான் அந்தத் திருப்பம்.

பல வருடங்களுக்குப் பிறகு, குற்றப் புலனாய்வில் தாவரவியல் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். ஜேன் பொக் என்ற தாவரவியல் பேராசிரியையின் பெயர் வந்தது. கூடவே டேவிட் நோரிஸ். வேறு யாரோ நோரிஸ் என்று நினைத்தேன். சலமாண்டர்க்காரர் பிணப் பரிசோதனைக்கு எப்படி வருவார்? அதே பல்கலைக்கழகம், அதே ஆள். 1980களின் தொடக்கத்தில் பிணப் பரிசோதனை நிபுணர் ஒருவர், கொலையுண்டவரின் இரைப்பையில் கிடந்த தாவரத் துணுக்குகளை அடையாளம் சொல்ல முடியுமா என்று பொக்கிடம் கேட்டதில் தொடங்கியது. பொக்கும் நோரிஸும் இன்னொரு தாவரவியலாளரும் சேர்ந்து, இரைப்பையில் உள்ள உணவுத் தாவரக் கலங்களை எப்படி அடையாளம் காண்பது என்று ஆய்வுகூடக் கையேடு ஒன்றை 1988இல் கொண்டுவந்தார்கள். பின்னாளில் பொக்கும் நோரிஸும் இந்தத் துறைக்கே ஒரு முழு நூலை எழுதினார்கள்.

எனக்கு அது முதலில் வியப்பு, யோசித்தால் இயல்பு. ஓமோனைப் படிக்கிறவன் சுரப்பியை மெழுகில் பதித்து, மயிரிழைச் சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழே மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கலம் நேற்று உழைத்ததா, ஓய்ந்திருந்ததா என்று அதன் உருவத்தைப் பார்த்தே சொல்லப் பழகுகிறான். அந்தக் கண்ணுக்கு விலங்கு, தாவரம் என்ற வேலி கிடையாது. விலங்கியலுக்கு ஓர் ஆசிரியர், தாவரவியலுக்கு ஓர் ஆசிரியர் என்று நாம்தான் நடுவில் வேலி போட்டு வளர்ந்தோம்.

இரைப்பையில் ஏன் தாவரம் பேசுகிறது, இறைச்சி பேசுவதில்லை? தாவரக் கலத்துக்குச் சுவர் உண்டு. அந்தச் சுவர் செலுலோசு. செலுலோசை உடைக்கும் நொதியம் மனித உடலில் இல்லை. அமிலம் ஊற்றினாலும் பல் அரைத்தாலும், கலத்துக்குள்ளே இருக்கும் சாறு போகும், மாப்பொருள் போகும், சுவர் நிற்கும். ஒவ்வொரு செடியும் தன் சுவரை ஒவ்வொரு விதமாகக் கட்டுகிறது. இலைவாய்களைச் சுற்றி நிற்கும் கலங்களின் எண்ணிக்கையும் நிலையும், மேற்றோல் மயிர்களின் கிளைகள், பளிங்குகளின் வடிவம், விதையுறையின் நெளிவுகள் எல்லாம் அப்படியே மிஞ்சுகின்றன.

நம் வீட்டுச் சாப்பாட்டை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் மைசூர்ப் பருப்பும் சோறும் சாப்பிட்டார் என்று வைப்போம். மைசூர்ப் பருப்பு தோல் நீக்கியது. ஆகவே வித்திலையின் மென்மையான கலங்கள் மட்டுமே கிடைக்கும். அதே ஆள் அவித்த பாசிப்பயறு சாப்பிட்டிருந்தால் கதை வேறு. அவரையினத்தின் விதையுறையில் வேலிக்கால்களை நெருக்கி நட்டதுபோல் நிற்கும் கலவரிசையும், அதன் கீழே இடுப்புச் சிறுத்த மணற்கடிகைக் கலங்களும் கிடைக்கும். இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மாறிப்போகாது. கொய்யாப்பழமா? பல்லில் நறநறக்கும் அந்தக் கற்கலங்கள் இரைப்பையில் கல்லாகவே கிடக்கும். லீக்ஸ் என்றால் ஓலைப்பாயின் கீற்றுகள்போல் நீண்டு படுத்த தோற்கலங்கள். கத்தரிக்காயின் காம்புத் தொப்பியில் நட்சத்திர மயிர்கள். "இரவு வீட்டில் சோறும் பருப்பும்தான் சாப்பிட்டாள், பிறகு தூங்கிவிட்டாள்" என்று ஒருவன் சாட்சி சொல்லி, இரைப்பையில் கொய்யாவின் கற்கலமும் பயற்றுத் தோலும் இருந்தால், அவள் வேறெங்கோ, வேறு யாரோடோ இன்னொரு வேளை சாப்பிட்டிருக்கிறாள். அங்கிருந்து விசாரணை திரும்பும்.

ஒரு எச்சரிக்கை. இரைப்பையில் இருப்பதை வைத்துச் செத்த நேரத்தை மணிக்கூடுபோல் சொல்லிவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். முடியாது. பயம், காய்ச்சல், மது, உணவின் கனம் எல்லாம் இரைப்பை காலியாகும் வேகத்தை மாற்றும். கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்பதுதான் உறுதியான சாட்சி. நேரம் என்பது மிகக் கவனமாகச் சொல்ல வேண்டிய ஊகம்.

இந்தத் துறைக்கு மரமும் ஒரு சாட்சி. 1932இல் அமெரிக்காவில் லிண்ட்பேர்க் என்ற விமானியின் குழந்தை கடத்தப்பட்டபோது ஜன்னலில் சாய்த்திருந்த ஏணியை, மர இழையங்களில் வல்லவரான ஆதர் கோலர் துண்டு துண்டாகப் படித்தார். ஏணியின் ஒரு சட்டம் சந்தேகநபரின் வீட்டுப் பரணில் குறைந்திருந்த பலகையோடு வளையத்துக்கு வளையம், ஆணித்துளைக்கு ஆணித்துளை பொருந்துவதை 1935இல் நீதிமன்றத்தில் காட்டினார். நம் பக்கத்துச் சட்ட மருத்துவப் பாடங்களில் வேறொரு பழைய சோடி உண்டு: மிளகாய் விதையும் ஊமத்தை விதையும். பயணிகளுக்கு ஊமத்தை கலந்த உணவு கொடுத்துக் கொள்ளையடித்த காலத்திலிருந்து வரும் பாடம். மிளகாய் விதை வழுவழுப்பாக, மஞ்சளாக, வட்டத் தட்டையாக இருக்கும், நாக்கில் எரியும். ஊமத்தை விதை சற்றுப் பெரியது. காது மடல் வடிவம், குழி விழுந்த தோல், கசப்பு. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் விதையுறைக் கலங்கள் இரண்டிலும் குடல் மடிப்பைப்போல் நெளிந்திருக்கும். இருந்தாலும் பழகிய கண் பிரித்துவிடும். என் வகுப்பில் இந்த இரண்டு விதைகளையும் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் வைத்திருக்கிறேன். ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். தம்பியின் கதையைச் சொல்வேன். வாந்தித் துணியைக் கழுவாதே, ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று உன் அம்மாவிடம் இன்றைக்கே சொல் என்பேன். பரீட்சையில் வராத பாடம். ஒவ்வொரு வருடமும் அதைத்தான் முதலில் நடத்துகிறேன்.

நோரிஸையும் பொக்கையும் படித்த பிறகு எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. எங்கள் இலை எப்படிப் பேசும்? மலைநாட்டில் என் சனம் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இலை. 1867இல் லூல்கந்துரையில் நட்ட நாளிலிருந்து கோடிக்கணக்கான விரல்கள் பட்ட இலை. அதை ஒரு தடவைகூட நுணுக்குக்காட்டியில் பார்க்காமலே நான் உயிரியல் பட்டம் வாங்கிவிட்டேன் என்பது நெஞ்சில் குத்தியது.

சொந்தச் செலவில் ஒரு சிறிய நுணுக்குக்காட்டி வாங்கினேன். கரட் ஒன்றைப் பாதியாகப் பிளந்து, நடுவில் முற்றிய தேயிலை இலையின் துண்டை வைத்து, சவர அலகால் சீவினேன். பத்துச் சீவலில் ஒன்றுதான் ஒளி புகும் அளவுக்கு மெல்லியதாக வந்தது. சப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தை விட்டுக் கழுவி, கண்ணை வைத்தேன்.

பச்சைக் கலங்களின் நடுவே சிவப்பாக, கிளை கிளையாகக் கால் பரப்பிய கற்கலங்கள். சில, மேற்றோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்த தூணாக நின்றன. சுவர் அவ்வளவு தடிப்பு. உள்ளே இடமே இல்லை. ஒவ்வொரு கையும் பக்கத்துக் கலங்களின் இடுக்குகளில் புகுந்து வளைந்திருந்தது. தேயிலையின் முத்திரை இது. வாட்டி, முறுக்கி, புளிக்கவைத்து, தூளாக்கினாலும் அழியாது. 1850களில் லண்டனில் ஆதர் ஹில் ஹஸல் என்ற மருத்துவர் நுணுக்குக்காட்டியை வைத்துத்தான் தேயிலையில் வேறு மரங்களின் இலைகள் கலந்திருப்பதை அம்பலப்படுத்தினார். கடையில் வாங்கிய மலிவுத் தூளைக் காரக் கரைசலில் கொதிக்கவைத்துப் பார்த்தேன். அதே சிவப்பு நட்சத்திரங்கள், உடைந்த கைகளோடு.

அந்த விடுமுறையில் அம்மா என்னோடு இருந்தார். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். கூடையின் கயிறு இழுத்த வழுக்கை இன்னும் அவருடைய உச்சந்தலையில் இருக்கிறது. வாங்கம்மா, உங்கள் இலையைப் பாருங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இதுதானா?" என்றார்.

"எது அம்மா?"

"முற்றல் இலையைக் கிள்ளினால் நகத்தில் கொஞ்சம் மல்லுக்கட்டும். கொழுந்து டக்கென்று முறியும். இதுதானா பிடித்து நிறுத்துவது?"

பேராதனையில் நான்கு வருடம் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. தேயிலைச் செடியை ஏன் ஓயாமல் பறிக்கிறோம் என்பதை நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்: நுனியிலிருந்து கீழிறங்கும் ஒட்சின் என்ற தாவர ஓமோன் பக்க மொட்டுகளை உறங்கவைக்கிறது, நுனியைக் கிள்ளினால் அவை விழிக்கின்றன என்று. சிரித்துக்கொண்டே, "அதற்குத்தானே மட்டக்கம்பு" என்றிருந்தார். செடிகளின் மேல் வைத்து மட்டம் பார்த்துக் கிள்ளும் கம்பு அது. கவ்வாத்து வெட்டிய மலை ஏன் புதர் புதராகத் தளிர்க்கிறது என்பது அவர் கைக்குத் தெரியும். ஓமோனின் பெயர் மட்டும் தெரியாது.

"கொழுந்தை வை. அதில் இது இருக்காது" என்றார்.

முற்றத்துக்கு வெளியே இறங்கி, கையாலேயே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டு வந்தார். மொட்டைச் சீவினேன். வெள்ளி நூல்போல் படிந்த மயிர்கள். நெருக்கமான, மெல்லிய சுவருடைய சின்னக் கலங்கள். சிவப்பு நட்சத்திரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அம்மா பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. தெரிந்த ஒன்றைச் சரிபார்த்தவரின் அமைதி.

"அப்படியானால் எத்தனையாவது இலையில் தொடங்குகிறது?"

முதலாம் இலையைச் சீவினேன். இரண்டாம் இலை. மூன்றாம் இலைக்கு அவரே அலகைப் பிடித்தார். என்னை விட மெல்லியதாக வந்தது. நான்காம் இலைக்கு வரும்போது கரட் தீர்ந்துவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய் இன்னொரு கரட் பிடுங்கிக்கொண்டு வந்தார்.